எம்எம்ஏ பிரிவு ஒன்றில் தரவரிசை போடுவதும் அடுத்த சண்டைகளுக்கு ஜோடி சேர்ப்பதும்

கேள்வி இதுதான்: எம்எம்ஏவில், அதாவது கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டையில், ஒரு எடைப் பிரிவை எடுத்துக்கொண்டு, சாம்பியனுக்குக் கீழே 15 பேரை வரிசைப்படுத்தி, அடுத்து யாருக்கு யார் என்று ஜோடி போடுவது எப்படி? எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

இதில் இரண்டு வேலை இருக்கிறது. தரவரிசை என்பது நடந்து முடிந்த சண்டைகளின் கணக்கு. ஜோடி போடுவது, இன்னும் விடை தெரியாத கேள்விகளுக்கு விடை தேடும் வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும்போதுதான் குளறுபடி வருகிறது. நமக்குப் பார்க்க ஆசையான சண்டைக்கு ஏற்ற மாதிரி ஒருவரை மூன்றாம் இடத்துக்குத் தூக்கிவிட்டு, 'மூன்றாம் இடத்தில் இருக்கிறாரே, டைட்டில் ஷாட் (பட்டத்துக்கான வாய்ப்பு) கொடுக்க வேண்டாமா?' என்று கேட்போம். முதலில் வரிசையைப் போட்டு மூடிவையுங்கள். ஜோடி பிறகு.

எம்எம்ஏவின் மிகப் பெரிய அமைப்பான யுஎஃப்சியின் அதிகாரபூர்வத் தரவரிசை 2013 பிப்ரவரியில் வந்தது. ஊடகக்காரர்கள் குழு ஒன்று வாக்களிக்கும். சாம்பியன் தனியே நிற்க, கீழே 15 பேர். எந்த விதிப்படி வாக்களிக்க வேண்டும் என்று கறாரான வரையறை இல்லாததால் ஒருவர் சமீபத்திய வெற்றியைப் பார்ப்பார், இன்னொருவர் பெயரைப் பார்ப்பார். அதை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக எடுக்க வேண்டாம்.

சொந்த வரிசைக்கு ஒரு அட்டவணை போதும். ஒவ்வொரு வீரருக்கும் கடைசி 5 சண்டைகள், அதிலும் 36 மாதங்களுக்குள் நடந்தவை மட்டும். ஒவ்வொரு சண்டைக்கும் தேதி, எதிராளி, சண்டை நாளில் எதிராளியின் இடம், இன்று அவருடைய இடம், முடிந்த விதம், சுற்று, எத்தனை நாள் முன்னறிவிப்பு, எடை சரியாக வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு கட்டங்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அதனால்தான் வாக்குவாதம் வருகிறது.

புள்ளிகளுக்கு நான் பரிந்துரைக்கும் அளவு:

வெற்றி என்றால், எதிராளி சாம்பியனோ முதல் 5 இடங்களில் ஒருவரோ ஆனால் 10, 6 முதல் 10 வரை என்றால் 7, 11 முதல் 15 வரை என்றால் 5, அதற்கும் வெளியே என்றால் 2.
தோல்வி என்றால், சாம்பியனிடமோ முதல் இடத்தவரிடமோ தோற்றால் −2, முதல் 5-இல் மற்றவர்களிடம் −3, 6 முதல் 10 வரை −5, 11 முதல் 15 வரை −6, வெளியே உள்ளவரிடம் −8.
முதல் இரண்டு சுற்றுக்குள் நாக்அவுட் அல்லது சப்மிஷன் (பூட்டு போட்டுச் சரணடைய வைப்பது) வெற்றி என்றால் 1.2 மடங்கு. ஸ்பிளிட் டிசிஷன் (மூன்று நடுவர்களில் ஒருவர் எதிராளிக்குக் கொடுத்தது) வெற்றி என்றால் 0.8 மடங்கு.
கடைசி 12 மாதங்களுக்குள் நடந்தது என்றால் முழு மதிப்பு. 12 முதல் 24 மாதம் வரை 0.7, 24 முதல் 36 வரை 0.4. வெற்றி தோல்வி இரண்டுக்கும் இதே விதி.

எதிராளியின் மதிப்பை அன்றைய இடத்தை மட்டும் வைத்துப் போடாதீர்கள். இன்றைய இடத்தை மட்டும் வைத்தும் போடாதீர்கள். இரண்டின் சராசரி. ஏன் என்பதற்கு லைட்வெயிட் (155 பவுண்டு) பிரிவில் டோனி ஃபெர்குசன் கதையை விட நல்ல சான்று கிடையாது.

2020 மே 9 அன்று யுஎஃப்சி 249 நிகழ்ச்சியில் ஜஸ்டின் கேய்ச்சி, தொடர்ந்து 12 வெற்றிகளோடு வந்த ஃபெர்குசனை ஐந்தாம் சுற்றில் நிறுத்தினார். அதே ஆண்டு டிசம்பரில் சார்ல்ஸ் ஒலிவேரா அவரை நடுவர்களின் புள்ளிகளில் வென்றார். 2021 மே மாதம் பெனீல் டாரியுஷ் வென்றார். 2022 மே மாதம் மைக்கேல் சாண்ட்லர் முன்னுதை ஒன்றால் சாய்த்தார். ஆக, நான்கு முன்னணி வீரர்களின் பதிவிலும் 'ஃபெர்குசனை வென்றவர்' என்ற ஒரே வரி இருக்கிறது. நான்கும் ஒரே சரக்கா? கேய்ச்சி தோற்கடித்தது பிரிவிலேயே பயங்கரமான ஆளை. சாண்ட்லர் தோற்கடித்தது தொடர்ந்து மூன்று தோல்வி கண்டு, 38 வயதான ஒருவரை. அன்றைய இடத்தை மட்டும் பார்த்தால் கேய்ச்சிக்கு முழு 10 கிடைத்துவிடும், பிறகு ஃபெர்குசன் சரிந்தது கணக்கில் வராது. இன்றைய இடத்தை மட்டும் பார்த்தால், பிறகு ஏற்பட்ட சரிவுக்குக் கேய்ச்சியைத் தண்டித்ததாகிவிடும். அந்தச் சரிவைத் தொடங்கிவைத்ததே அவருடைய அடிகள்தான் என்பது வேறு.

இதை ஒரு குறிப்பிட்ட நாளில் ஓட்டிப் பார்ப்போம். 2022 அக்டோபர் 22, அபுதாபியில் யுஎஃப்சி 280 முடிந்த இரவு. இஸ்லாம் மகச்சேவ் இரண்டாம் சுற்றில் கைமுக்கோணப் பூட்டு போட்டு ஒலிவேராவை வென்று சாம்பியன் ஆகிவிட்டார். அதே மேடையில் டாரியுஷ், மடேயுஷ் கம்ரோட்டைப் புள்ளிகளில் வென்றுவிட்டார். ஃபெர்குசன் அதற்குள் ஐந்து தோல்விகளைத் தொடர்ந்து கண்டிருந்ததால் அவருடைய இன்றைய மதிப்பை 2 என்று வைக்கிறேன்.

ஒலிவேரா: மே 2022-இல் கேய்ச்சியை முதல் சுற்றில் சப்மிஷன், 10 × 1.2 = 12. டிசம்பர் 2021-இல் டஸ்டின் பொரியேயை மூன்றாம் சுற்றில், 10. மே 2021-இல் சாண்ட்லரை இரண்டாம் சுற்றில், 10 × 1.2 × 0.7 = 8.4. டிசம்பர் 2020-இல் ஃபெர்குசன், அன்றைய 10-க்கும் இன்றைய 2-க்கும் சராசரி 6 × 0.7 = 4.2. மகச்சேவிடம் தோல்வி −2. மொத்தம் 32.6.

டாரியுஷ்: கம்ரோட் 7. ஃபெர்குசன் 6 × 0.7 = 4.2. பிப்ரவரி 2021-இல் டியேகோ ஃபெரேராவை ஸ்பிளிட் டிசிஷனில்; ஃபெரேரா அன்று முதல் பத்தில் இருந்து பிறகு வெளியேறியவர், ஆகவே 4.5 × 0.8 × 0.7 = சுமார் 2.5. 2020-இல் வரிசைக்கு வெளியே இருந்த இருவரை முதல் இரண்டு சுற்றுக்குள் முடித்தது, இரண்டும் சேர்த்து 1.9. மொத்தம் 15.6.

கேய்ச்சி: நவம்பர் 2021-இல் சாண்ட்லரைப் புள்ளிகளில் வென்றது 10. ஒலிவேராவிடம் தோல்வி −2. அக்டோபர் 2020-இல் கபீப் நுர்மகமெடோவிடம் தோல்வி −1.4. ஃபெர்குசன் வெற்றி 6 × 0.4 = 2.4. அதற்கு முந்தையது 36 மாத எல்லைக்கு வெளியே. மொத்தம் 9.

ஒலிவேரா தோற்ற இரவிலும் மற்றவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறார். இதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் டாரியுஷ் கேய்ச்சிக்கு மேலே வருவதைப் பார்த்தால் பலருக்கும் கோபம் வரும். பெயரை மறைத்துவிட்டுப் பதிவை மட்டும் காட்டினால் அந்தக் கோபம் பெரும்பாலும் அடங்கிவிடும்: கேய்ச்சி 29 மாதங்களில் நான்கே சண்டைதான் போட்டிருந்தார், அதில் பாதி தோல்வி. இரண்டு தோல்வியும் டைட்டில் மேடையில் என்பது உண்மை. அதனால்தான் அவற்றுக்கு −2 மட்டும்.

இப்படி எதிர்பாராத வரிசை வரும்போது அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், அந்த இருவரின் சண்டைகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லும் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 7 புள்ளிக்குக் குறைவான இடைவெளி என்றால் ஒரே அடுக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். 15 பேரை 1, 2, 3 என்று எண்ணுவதை விட நான்கு அடுக்காகப் பிரிப்பது நேர்மையான வேலை: டைட்டிலுக்குத் தகுதியானவர்கள், ஒரு வெற்றி தூரத்தில் இருப்பவர்கள், மேலே வருபவர்கள், இடத்தைக் காத்துக்கொண்டிருப்பவர்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எதிராளியின் 'இன்றைய இடம்' நாம் போடப்போகும் வரிசையில் இருந்துதானே வர வேண்டும்? அதனால் முதல் முறை அதிகாரபூர்வ வரிசையை வைத்துப் போடுங்கள். கிடைத்த புதிய வரிசையை வைத்து மறுபடி போடுங்கள். மூன்றாவது முறைக்குள் பெரும்பாலும் அசையாமல் நின்றுவிடும். நிற்காமல் இரண்டு பேர் மட்டும் மாறி மாறி ஏறி இறங்கினால் அவர்களை ஒரே அடுக்கில் போட்டுவிட்டு நகருங்கள்.

இந்த அட்டவணை எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே இரவில் மகச்சேவ் கூண்டுக்குள் நுழையும்முன் அவருடைய பதிவை இதில் போட்டால் சுமார் 13 புள்ளிதான் வரும். தொடர்ந்து 10 வெற்றிகள் இருந்தும் அதில் பெரிய பெயர் அக்டோபர் 2021-இல் முதல் சுற்றிலேயே கிமுரா என்ற கைப்பூட்டு போட்டு முடித்த டான் ஹூக்கர் மட்டும். பிப்ரவரி 2022-இல் டாரியுஷோடு மோத வேண்டியது, டாரியுஷ் காயமடைந்ததால் பாபி கிரீன் குறுகிய அவகாசத்தில் 160 பவுண்டு கேட்ச்வெயிட்டில் (இருவரும் ஒப்புக்கொண்ட தனி எடையில்) வந்தார். முதல் சுற்றில் முடிந்தது. வரிசையில் இல்லாத எதிராளி, அதனால் 2.4 புள்ளி. கணக்கு சரிதான். ஆனால் பந்தயச் சந்தை ஒலிவேராவை விட மகச்சேவையே சாதகமாகப் பார்த்தது, அதுவும் சரியாகவே போனது. அட்டவணை 'யார் என்ன சம்பாதித்தார்' என்பதைச் சொல்கிறது. சந்தை 'யார் ஜெயிப்பார்' என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே இரண்டு துணைக் கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, இழந்த சுற்றுகள்: கடைசி ஐந்து சண்டைகளில் நடுவர்கள் எத்தனை சுற்றை எதிராளிக்குக் கொடுத்தார்கள் என்பது. மகச்சேவ் போன்றவர்கள் இங்கே பளிச்சென்று தெரிவார்கள். இன்னொன்று பந்தய விகிதம். அமெரிக்க முறையில் −200 (100 வெல்ல 200 கட்ட வேண்டும்) என்றால் வெல்லும் வாய்ப்பு 200/300, அதாவது 66.7 சதவீதம். மறுபக்கம் +170 (100 கட்டினால் 170 லாபம்) என்றால் 100/270, 37 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 103.7 வரும்; அந்தக் கூடுதல் பந்தய நிறுவனத்தின் பங்கு. 66.7-ஐ 103.7 ஆல் வகுத்தால் உண்மையான மதிப்பீடு 64 சதவீதம். புள்ளியில் கீழே இருப்பவர் சந்தையில் மேலே இருந்தால், அவருக்கு வலுவான எதிராளி இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஜோடி போடும்போது இந்தத் தகவல் தங்கம்.

சதுரங்க வீரர்களுக்குப் புள்ளி போடும் ஈலோ முறை வேண்டும் என்பவர்களுக்கு: 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் வெல்ல 64 சதவீத வாய்ப்பு, 200 என்றால் 76 சதவீதம். சதுரங்கத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களால் அது செம்மையாகிறது. எம்எம்ஏவில் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் கூண்டுக்குள் வருகிறார், அதனால் ஈலோ எப்போதும் ஒரு வருடம் பின்தங்கியே இருக்கும். குறுக்குச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'அவர் இவரை அடித்தார், இவர் அவரை அடித்தார்' என்ற சங்கிலிக் கணக்கை எந்த நிலையிலும் தொடாதீர்கள். பொரியே 2019-இல் மேக்ஸ் ஹாலோவேயை வென்றார். ஹாலோவே 2024 ஏப்ரலில் யுஎஃப்சி 300-இல் ஐந்தாம் சுற்றின் கடைசி நொடியில் கேய்ச்சியைச் சாய்த்தார். கேய்ச்சி 2023-இல் பொரியேயைத் தலை உதையால் சாய்த்தார். வட்டம் முடிந்தது. நேரடி மோதல் முடிவை ஒரே அடுக்கில் உள்ள இருவருக்கு இடையே மட்டும், அதுவும் 24 மாதங்களுக்குள் நடந்திருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

விதிவிலக்கான முடிவுகளுக்கு வருவோம். நோ கான்டெஸ்ட் (யாருக்கும் வெற்றி தோல்வி இல்லை என்று அறிவிக்கப்பட்டது) என்றால் பூஜ்யம். சண்டை நடந்ததாகவே கொள்ள வேண்டாம், ஆனால் 'கடைசியாகக் கூண்டுக்குள் வந்த தேதி' மட்டும் புதுப்பிக்கப்படும். தகுதிநீக்கத்தால் வந்த வெற்றி தந்திரமானது. 2021 மார்ச்சில் பியோத்தர் யான் விதிமீறிய முழங்கால் அடி கொடுத்ததால் பாண்டம்வெயிட் பட்டம் அல்ஜமைன் ஸ்டெர்லிங்கிடம் போனது. பட்டம் மாறியது மாறியதுதான். ஆனால் யார் மேல் என்ற கேள்விக்கு அந்த இரவு பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி மோதி ஸ்டெர்லிங் ஸ்பிளிட் டிசிஷனில் வென்றபோதுதான் பதில் வந்தது. தகுதிநீக்கத்துக்கு வெற்றி மதிப்பில் கால் பங்கு, தோற்றவருக்குக் கழிவு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சர்ச்சைக்குரிய தீர்ப்புக்கும் இதே போன்ற நிதானம் வேண்டும். யுஎஃப்சி 280-இலேயே, முதல் பத்துக்கு வெளியே இருந்த ஷான் ஒமாலி, பியோத்தர் யானுக்கு எதிராக ஸ்பிளிட் டிசிஷனில் வென்று ஒரே தாவலில் முதல் இடத்துக்குப் போனார். அந்தச் சண்டையைப் பார்த்த ஊடகக்காரர்களில் பெரும்பாலோர் யானுக்கே கொடுத்திருந்தார்கள். முடிவை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை, வெற்றி ஒமாலிக்குத்தான். ஆனால் 0.8 மடங்கு விதி இங்கே உதவும்: அவரை மூன்று நான்கு இடத்துக்கு ஏற்றலாம், உச்சிக்குத் தூக்க வேண்டியதில்லை. (அவர் 2023 ஆகஸ்டில் ஸ்டெர்லிங்கை இரண்டாம் சுற்றில் நிறுத்திப் பட்டம் வாங்கினார் என்பது அந்தத் தாவலை நியாயப்படுத்தாது. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் போட்ட வரிசையைச் சரி என்று சொல்லும் பழக்கம் இந்த விளையாட்டில் நிறைய.)

எடை தவறியவர் வென்றால் 0.8 மடங்கு. எடை தவறித் தோற்றால் முழுக் கழிவு. குறுகிய அவகாசத்தில், அதாவது மூன்று வாரத்துக்குள் ஒப்புக்கொண்டு வந்தவர் தோற்றால் பாதிக் கழிவு. வென்றால் கூடுதல் எதுவும் வேண்டாம், ஏனெனில் மறுபக்கத்தில் நின்றவரும் வேறொருவருக்காகத் தயாரானவர்தான். 18 மாதம் சண்டையே இல்லை என்றால் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, திரும்பும்போது பழைய இடத்தில் இருந்து இரண்டு மூன்று இடம் கீழே நுழையவிடுங்கள்.

இனி ஜோடி.

ஒரு ஜோடியை எழுதும்முன் அதன் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: இவர் வென்றால் அடுத்து என்ன, அவர் வென்றால் அடுத்து என்ன. இரண்டு வரியிலும் ஒரு தெளிவான அடுத்த அடி இருந்தால் நல்ல ஜோடி. ஒரு வரி 'ஒன்றும் மாறாது' என்று வந்தால், மேலே இருப்பவர் அதை ஏற்கமாட்டார். நான்காம் இடத்தில் இருப்பவரைப் பதினான்காம் இடத்தவரோடு போடுவதன் தொல்லை இதுதான்: ஜெயித்தால் எதுவும் இல்லை, தோற்றால் எல்லாம் போச்சு. இடைவெளி மூன்று முதல் ஐந்து இடத்துக்குள் இருந்தால் பேச்சு முடியும். அதைத் தாண்டினால் மேலே உள்ளவருக்கு வேறு ஏதாவது தர வேண்டும்: பிரதானச் சண்டை, ஐந்து சுற்று, பெரிய பெயர்.

மேலே பார்த்த அதே 2022 அக்டோபருக்குத் திரும்புவோம். மகச்சேவுக்கு அடுத்த எதிராளி கீழ்ப் பிரிவான ஃபெதர்வெயிட்டின் சாம்பியன் அலெக்சாண்டர் வோல்கனாவ்ஸ்கி என்பது அந்த இரவே தெளிவாகிவிட்டது. பொரியே–சாண்ட்லர் நவம்பருக்கு ஏற்கனவே முடிவாகியிருந்தது. ஆக மேல் அடுக்கில் கையில் இருப்பவர்கள் ஒலிவேரா, டாரியுஷ், கேய்ச்சி. அடுத்து ரஃபாயல் ஃபிஸீவ், கம்ரோட், அர்மன் சருக்கியான். சாம்பியன் பிரிவுக்கு வெளியே உள்ளவரோடு மோதும்போது உள்ளே இருப்பவர்களுக்கு ஆறேழு மாத இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் ஒருவரை ஒருவர் தின்று தீர்த்துவிடாமல், சாம்பியன் திரும்பும்போது குறைந்தது ஒரு புதிய சவாலாளி தயாராக இருக்கும்படி ஜோடி போட வேண்டும்.

ஒலிவேராவுக்கு யார்? கேய்ச்சி என்றால் ஐந்து மாதம் முன்புதான் முடிந்தது. பொரியே கையில் இல்லை. டாரியுஷ் என்றால் இரண்டு வரியும் நிறைகின்றன: டாரியுஷ் வென்றால் மகச்சேவ் இதுவரை பார்க்காத சவாலாளி, தொடர் வெற்றி ஒன்பது, ஒலிவேரா வென்றால் மறுசண்டைக்கு உரிமை, தோல்வியிலிருந்து நேராக டைட்டிலுக்குப் போனார் என்ற முணுமுணுப்பும் இருக்காது. கேய்ச்சிக்கு ஃபிஸீவ்: மூத்தவரின் கை கால் பலத்துக்கு எதிரே வேகமான கிக் பாக்ஸர், ஃபிஸீவ் முதல் ஐந்துக்குத் தகுதியா என்ற கேள்வி, கேய்ச்சி இன்னும் டைட்டில் தூரத்தில் இருக்கிறாரா என்ற கேள்வி. இரண்டு சண்டையும் உண்மையாகவே 2023-இல் நடந்தன. மார்ச்சில் கேய்ச்சி மெஜாரிட்டி டிசிஷனில் (இரண்டு நடுவர்கள் அவருக்கு, ஒருவர் சமன்) வென்றார், ஜூனில் ஒலிவேரா டாரியுஷை முதல் சுற்றில் நிறுத்தினார். ஜூலையில் கேய்ச்சி–பொரியே இரண்டாம் சண்டை தானாகவே கனிந்துவந்தது. நல்ல ஜோடிகளின் லட்சணம் இது, அடுத்த ஜோடியை அவையே பெற்றுத் தரும்.

கம்ரோட்டையும் சருக்கியானையும் உடனே மறுபடி மோதவிடக் கூடாது. 2022 ஜூனில் ஐந்து சுற்று நெருக்கமாகப் போய் கம்ரோட்டுக்குக் கிடைத்தது. மேலே வரும் இருவரை ஆண்டுக்கு இரண்டு முறை உரசவிட்டால் ஒருவர் வீணாவார். தனித்தனிப் பாதையில் ஏற்றினால் மேலே இரண்டு புதிய பெயர். சருக்கியான் அப்படித்தான் 2023 டிசம்பரில் டாரியுஷையும், யுஎஃப்சி 300-இல் ஒலிவேராவையும் வென்று உச்சிக்கு வந்தார்.

டைட்டில் சவாலாளியைத் தேர்ந்தெடுக்கும்முன் ஐந்து சுற்று அனுபவம் பாருங்கள். மூன்று சுற்று சண்டையில் 15 நிமிடம், பட்டச் சண்டையில் 25. இதுவரை 15 நிமிடத்தைத் தாண்டாதவரை நேராக அங்கே அனுப்பினால் நான்காம் சுற்றில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன் ஐந்து சுற்றுப் பிரதானச் சண்டை ஒன்று கொடுப்பதே முறை.

தேதி விஷயத்தில்தான் காகித ஜோடிகள் பலவும் உடைகின்றன. நாக்அவுட்டில் தோற்றவருக்கு, சண்டைகளை மேற்பார்வையிடும் ஆணையம் பொதுவாக 60 நாள் தடை போடும். எலும்பு முறிவு சந்தேகம் என்றால் மருத்துவர் அனுமதிக்கும்வரை 180 நாள். அதன் மேல் எட்டு முதல் பத்து வாரம் பயிற்சி முகாம். ஆக, நாக்அவுட் ஆனவரை நான்கு மாதத்துக்குள் எந்தப் பட்டியலிலும் எழுதாதீர்கள். இருவரும் ஒரே மாதத்தில் சண்டை முடித்தவர்களா என்றும் பாருங்கள். ஒருவர் ஜனவரியில், இன்னொருவர் ஜூனில் என்றால் முதலாமவர் காத்திருந்து துருப்பிடிப்பார். ஒரே பயிற்சிக்கூடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மோத மறுப்பார்கள். கெய்ன் வெலாஸ்கெஸ் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்ததால் அவருடைய பயிற்சித் தோழர் டேனியல் கார்மியே பிரிவே மாறி 205 பவுண்டுக்கு இறங்கினார்.

மாற்று ஆள் இல்லாத டைட்டில் சண்டை பாதித் திட்டம்தான். கபீப்–ஃபெர்குசன் சண்டை ஐந்து முறை அறிவிக்கப்பட்டு ஐந்து முறையும் நடக்கவில்லை. அதில் நான்காவது, 2018 ஏப்ரல் 7, யுஎஃப்சி 223. ஃபெர்குசன் காயம்; மாற்றாக வந்த ஹாலோவேயை மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை; கடைசியில் அதே மேடையில் பால் ஃபெல்டரோடு மோத இருந்த அல் ஐயாக்கின்டா ஒரு நாள் அவகாசத்தில் வந்தார். அவர் எடை 155.2 பவுண்டு. சாதாரணச் சண்டைக்கு ஒரு பவுண்டு சலுகை உண்டு, 156 வரை போகலாம். பட்டச் சண்டைக்கு 155-ஐத் தாண்டக் கூடாது. அந்த 0.2 பவுண்டால் அவர் வென்றிருந்தாலும் பட்டம் கிடைத்திருக்காது. யுஎஃப்சி 274-இல் ஒலிவேராவும் அரைப் பவுண்டு கூடுதலாக நின்றதால் தராசிலேயே பட்டத்தை இழந்தார். ஆகவே டைட்டில் சண்டை உள்ள மேடையில் அதே பிரிவின் இன்னொரு உயர் ஜோடியையும் போட்டு, அவர்களில் ஒருவரையாவது சரியாக 155-இல் நிற்கச் சொல்லிவையுங்கள். 2025 ஜனவரியில் முதுகு வலியால் சருக்கியான் கடைசி நாளில் விலகியபோது, அதே மேடையில் டாரியுஷோடு மோத இருந்த ரெனாட்டோ மொய்கானோ மகச்சேவ் முன்னால் நிற்க முடிந்தது இப்படித்தான். முதல் சுற்றிலேயே தோற்றார். ஆனால் பிரதானச் சண்டை நடந்தது. எதிராளியை இழந்த டாரியுஷுக்குத்தான் அன்று சண்டை இல்லாமல் போனது.

சாம்பியன் சண்டையிட முடியாதபோது தற்காலிகமாகத் தரும் இடைக்காலப் பட்டத்தை மிகச் சிக்கனமாகப் பரிந்துரையுங்கள். சாம்பியன் எட்டு ஒன்பது மாதத்துக்குள் திரும்பமாட்டார் என்று மருத்துவக் காரணத்தோடு தெரிந்தால் மட்டும். டாம் ஆஸ்பினல் 2023 நவம்பரில் ஹெவிவெயிட் இடைக்காலப் பட்டம் வாங்கினார், 2024 ஜூலையில் அதைப் பாதுகாத்தும் விட்டார், ஆனால் சாம்பியன் ஜான் ஜோன்ஸோடு இணைப்புச் சண்டை (இரண்டு பட்டத்தையும் ஒன்றாக்கும் சண்டை) கடைசிவரை நடக்கவே இல்லை. 2025 ஜூனில் ஜோன்ஸ் ஓய்வு அறிவித்த பிறகே ஆஸ்பினல் முழு சாம்பியன் ஆனார். இடைக்காலப் பட்டம் எழுதும்போதே இணைப்புச் சண்டைக்கு மாதம் குறித்துவிடுங்கள். குறிக்க முடியாவிட்டால் அந்தப் பட்டம் வேண்டாம்.

உடனடி மறுசண்டைக்கு இரண்டு காரணம் மட்டும் ஏற்கத்தக்கவை: பலமுறை பட்டம் காத்தவர் மிக நெருக்கமான தீர்ப்பில் இழந்தது, அல்லது விதிமீறல் முடிவைக் கெடுத்தது. மற்றதெல்லாம் வரிசையில் நிற்பவரின் மாதங்களைத் திருடுவது. மறுசண்டையே இல்லாவிட்டாலும், வரிசையைத் தாண்டி ஒருவரை நிறுத்துவதும் இதே திருட்டுதான். வெல்டர்வெயிட்டில் பிலால் முகமது 2023 மே மாதம் கில்பர்ட் பர்ன்ஸை வென்றபோது பத்து சண்டையாகத் தோல்வியே காணாதவர். அந்த டிசம்பரில் சாம்பியன் லியான் எட்வர்ட்ஸுக்கு எதிரே நிறுத்தப்பட்டவரோ, 2022 மார்ச்சுக்குப் பிறகு கூண்டுக்கே வராத கோல்பி கோவிங்டன். முகமதுக்கு வாய்ப்பு வந்தது 2024 ஜூலையில், வென்று பட்டமும் வாங்கினார். மேலே சொன்ன அட்டவணையில் கோவிங்டனுக்கு அந்த நாளில் 18 மாத விதியே குறுக்கே நின்றிருக்கும். வரிசையை முதலில் போட்டு மூடிவைத்தவர் அந்த ஜோடியை எழுதியிருக்கமாட்டார். டிக்கெட் விற்க வேண்டியவர் எழுதுவார். உங்கள் பட்டியலில் அப்படி ஒரு ஜோடியை வைக்க விரும்பினால் வையுங்கள், பக்கத்தில் 'வசூலுக்காக' என்று எழுதிவிடுங்கள்.